‘கொடுத்திருக்கணும்’: மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா? மோடலும் ஃப்ரேசல் வெர்பும் சேரும் இடம்

கேள்வி கேட்டவர் குழித்துறைக்காரத் தங்கச்சி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரையில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே, வெளிநாட்டில் மருத்துவ வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார். “கேன், ஷுட், மஸ்ட் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். டேக் ஆஃப், ஹேண்ட் ஓவர் மாதிரி ஃப்ரேசல் வெர்பும் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் போடும்போதுதான் நாக்கு குழறுகிறது. ‘இட்’ எங்கே வரும்? மஸ்ட் ஹேவ் போடுவதா, ஷுட் ஹேவ் போடுவதா? தேர்வில் எழுதும் கடிதத்தில் ஃப்ரேசல் வெர்ப் வரலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் களியக்காவிளைப் பக்கம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவன். வகுப்பில் மார்த்தாண்டத்துப் பிள்ளைகளும் பாறசாலைப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருவார்கள், அதனால் தமிழில் யோசிக்கிறவர் எங்கே தடுக்குகிறார், மலையாளத்தில் யோசிக்கிறவர் எங்கே தடுக்குகிறார் என்று பக்கத்தில் பக்கத்திலேயே பார்க்க முடிகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தங்கச்சி: சொற்களை எந்த வரிசையில் வைப்பது என்பது இதில் சின்ன விஷயம், ஒரு நாளில் பழகிவிடும். நம் வாயில் தானாக வருகிற ‘இருக்கணும்’, ‘வேண்டாம்’ ரெண்டுக்குள்ளும் இரண்டிரண்டு அர்த்தம் பதுங்கியிருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

வரிசையை முதலில் முடித்துவிடலாம். கேன், ஷுட், மஸ்ட் மாதிரி துணைவினைகளைத்தான் மோடல் என்கிறோம். மோடல் வந்தால் அடுத்து வரும் வினை மொட்டையாக நிற்கும். எஸ் ஒட்டாது, இடி ஒட்டாது, நடுவில் ‘டு’ வராது. வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்த ஃப்ரேசல் வெர்புக்கும் இதே சட்டம்தான். ‘ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்’ என்பது ‘ஷி கேன் லுக் ஆஃப்டர் ஹெர் மதர்’ ஆகும். மாறியது லுக் மட்டும். பின்னால் வரும் ஆஃப்டர், ஆஃப், ஓவர், அப், டவுன் ஆகிய குட்டிச் சொற்களை மோடல் தொடவே தொடாது. நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டுமானால் ஹேவ் வரும், வினை மூன்றாம் வடிவத்துக்குப் போகும்: ‘ஷுட் ஹேவ் லுக்ட் ஆஃப்டர்’. செயப்பாட்டுவினை என்றால் பி வரும்: ‘மஸ்ட் பி ஃபில்ட் இன்’, ‘ஷுட் ஹேவ் பீன் டர்ன்ட் ஆஃப்’. எவ்வளவு நீண்டாலும் அந்தக் குட்டிச் சொல் தன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

‘ஹி கேன் லுக்ஸ் ஆஃப்டர்’ என்று சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. கேன், மே, ஷால் இவற்றுக்கு எஸ் ஒட்டாததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஆதி ஆங்கிலத்தில் இவற்றின் நிகழ்கால வடிவமே இறந்தகால அச்சில் இருந்தது, இறந்தகாலத்தில் எஸ் எப்படி வரும்? அப்புறம், ஃப்ரேசல் வெர்ப் நமக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 1755ல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில், வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டவருக்குப் பெரிய தலைவலி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சரி, ‘இட்’. ‘டேக் ஆஃப் தி டிரெஸ்ஸிங்’, ‘டேக் தி டிரெஸ்ஸிங் ஆஃப்’ இரண்டும் சரிதான். டிரெஸ்ஸிங் போய் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில் மட்டும்தான் உட்காரும்: ‘டேக் இட் ஆஃப்’. முன்னால் எந்த மோடல் வந்தாலும் இது மாறாது. ‘யூ கேன் டேக் இட் ஆஃப் டுமாரோ’, ‘வி ஷுட் ஹேவ் டேக்கன் இட் ஆஃப் யெஸ்டர்டே’. நம் ஆட்கள் ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’, ‘ஐ வில் பிக் அப் யூ’ என்று சொல்வது இங்கே பிழைத்துப்போகும், வெளிநாட்டில் காதில் உறுத்தும். ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ மாதிரி பிரியாத ஜோடிகளும் இருக்கின்றன: ‘ஐ வில் லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றுதான் வரும், ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ கிடையாது. எது பிரியும், எது பிரியாது என்பதற்குக் குறுக்குவழி கிடையாது. மாணவர்களுக்கென்று போட்ட நல்ல அகராதியில் ‘சம்திங்’ என்ற சொல்லை நடுவில் போட்டிருக்கிறார்களா, கடைசியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அதுவே பதில். உங்கள் நோட்டிலும் வெறும் ‘டேக் ஆஃப்’ என்று எழுதாமல் ‘டேக் சம்திங் ஆஃப்’ என்று எழுதி வையுங்கள்.

‘ஹி மஸ்ட் பி லுக்ட் ஆஃப்டர் பை ஹிஸ் சன்’ மாதிரி வாக்கியத்தில் ஆஃப்டரும் பையும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு குட்டிச் சொல் ஒட்டி நிற்பது தப்பு போலத் தோன்றி, நிறையப் பேர் ஆஃப்டரை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கினால் ‘மகனால் பார்க்கப்பட வேண்டும்’ என்ற மாதிரி ஏதோ ஒன்று ஆகிவிடும், கவனித்துக்கொள்வது என்ற பொருளே போய்விடும். அதே சமயம், பதிலைச் சுருக்கும்போது இதற்கு நேர் எதிர். ‘டிட் யூ ஹேண்ட் இட் ஓவர்?’ என்று கேட்டால் ‘நோ, ஐ ஷுட் ஹேவ்’ என்று நிறுத்திவிட வேண்டும். வினை போனால் ஓவரும் கூடவே போகும், ‘ஐ ஷுட் ஹேவ் ஓவர்’ என்று அதை மட்டும் அனாதையாக விடக் கூடாது.

இரண்டு மோடலை அடுக்காதீர்கள். ‘வில் கேன்’ இல்லை, ‘வில் பி ஏபிள் டு’. நம் ஊரின் புகழ்பெற்ற ‘கேன் ஏபிள் டு’ அறவே வேண்டாம், கேன் போட்டால் ஏபிள் எதற்கு? ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் ‘மைட் குட்’ என்று சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டுதான், அது அவர்கள் வட்டார வழக்கு, தேர்வு எழுதுகிறவர் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. ‘மைட் ஹேவ் டு கால் இட் ஆஃப்’, ‘ஷுட் பி ஏபிள் டு பிக் இட் அப்’ இவையெல்லாம் சரி.

இப்போது அந்த மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காலையில் டியூட்டிக்கு வருகிறீர்கள். ஒரு நோயாளியின் ஃபைலைக் காணோம். “நைட் டியூட்டி நர்ஸ் ஃபைலைக் கொடுத்திருக்கணும்” என்கிறீர்கள். இதற்கு என்ன அர்த்தம்? அவர் யாரிடமோ கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார், இங்கேதான் எங்கேயோ இருக்கும் என்ற ஊகமா? இல்லை, கொடுக்க வேண்டியது அவர் கடமை, கொடுக்காமல் போய்விட்டார் என்ற குறையா? தமிழில் இரண்டுக்கும் அதே சொல். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தும், அடுத்து வருவது ‘தேடிப் பாரு’வா ‘இப்ப யாரைக் கேட்கிறது’வா என்பதை வைத்தும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை, முதல் சொல்லிலேயே முடிவு செய்தாக வேண்டும். ‘ஷி மஸ்ட் ஹேவ் ஹேண்டட் இட் ஓவர்’ என்றால் கொடுத்திருப்பார் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறீர்கள். ‘ஷி ஷுட் ஹேவ் ஹேண்டட் இட் ஓவர்’ என்றால், கொடுக்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறீர்கள். சக நர்ஸைக் காப்பாற்ற நினைத்து வாயைத் திறந்து, மாட்டிவிட்டுவிட்டு வருவதற்கு இந்த ஒரு சொல் போதும்.

பாறசாலைப் பிள்ளைகள் இந்த இடத்தில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை என்பதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். மலையாளத்தில் ஊகத்துக்கு ‘கொடுத்திரிக்கணம்’ என்றும், செய்யாமல் விட்டதற்கு ‘கொடுக்கேண்டதாயிருந்நு’ என்றும் பெரும்பாலும் தனித்தனியாகச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் தினமும் அங்கே வேலை பார்க்கிறவர், இந்த இரண்டும் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும். முதலாவதுக்கு மஸ்ட் ஹேவ், இரண்டாவதுக்கு ஷுட் ஹேவ் என்று பொருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம் தமிழிலும் ‘கொடுத்திருக்க வேண்டியது’ என்று குறையைப் பிரித்துச் சொல்ல வழி இல்லாமல் இல்லை, அவசரத்துக்கு வாயில் வருவது என்னவோ ‘இருக்கணும்’தான்.

மலையாளம் அவ்வளவு பிடிபடாதவர்களுக்கு வகுப்பில் வேறொரு வழி சொல்வேன். ஆங்கிலத்துக்குப் போகும் முன் வாக்கியத்தின் பின்னால் மனசுக்குள் ‘ஆனா கொடுக்கலை’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ஷுட் ஹேவ். பொருந்தாமல் ‘கொடுத்திருப்பாங்க போல’ என்று மாற்றிச் சொல்ல வந்தால் மஸ்ட் ஹேவ். ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன்: ‘தி பெயின்கில்லர் ஷுட் ஹேவ் வோர்ன் ஆஃப் பை நவ்’ என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் மருந்தின் மேல் குறை சொல்லவில்லை, கணக்குப்படி இந்நேரம் அதன் வேகம் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கிறார். பெரும்பாலும் நேரக் கணக்கு கூட வரும்போதுதான் ஷுட் ஹேவ் இந்த வேலையைச் செய்யும்.

வேடிக்கை என்னவென்றால் எதிர்மறைக்குப் போனால் தமிழ் தெளிவாகிவிடுகிறது. ‘கொடுத்திருக்க மாட்டாங்க’ என்றால் ஊகம், ‘ஷி கான்ட் ஹேவ் ஹேண்டட் இட் ஓவர்’. ‘கொடுத்திருக்கக் கூடாது’ என்றால் குறை, ‘ஷி ஷுடன்ட் ஹேவ் ஹேண்டட் இட் ஓவர்’. குழப்பத்துக்கு இடமே இல்லை. மஸ்ட் ஹேவ் என்ற ஊகத்துக்கு எதிர்மறை மஸ்டன்ட் ஹேவ் அல்ல, கான்ட் ஹேவ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘கொடுத்திருக்கலாம்’ என்பதற்கு ‘குட் ஹேவ்’ போடுங்கள், கவலையே வேண்டாம். ஒருவேளை கொடுத்தாரோ என்னவோ, கொடுக்க வாய்ப்பிருந்தும் கொடுக்கவில்லையோ என்ற இரட்டை அர்த்தம் ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது ‘வேண்டாம்’. நோயாளியிடம் ‘கட்டைக் கழற்ற வேண்டாம்’ என்கிறோம். கழற்றினால் ஆபத்து, தொடாதே என்றும் இருக்கலாம். ஸ்கேனுக்குக் கட்டோடு போனாலும் பரவாயில்லை, சிரமப்பட்டுக் கழற்றத் தேவையில்லை என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முதலாவது ‘யூ மஸ்டன்ட் டேக் இட் ஆஃப்’, இரண்டாவது ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் ஆஃப்’. இரண்டாவதைக் கேட்ட நோயாளி விருப்பப்பட்டால் கழற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமையும் உண்டு. கூடாது என்று நினைத்துக்கொண்டு டோன்ட் ஹேவ் டு சொன்னால் தையல் பிரிந்துதான் திரும்பி வருவார். ஆகவே வேண்டாம் என்று மனதில் தோன்றும்போதெல்லாம், நான் சொல்ல வருவது ‘கூடாது’வா ‘தேவையில்லை’யா என்று ஒரு நொடி பிரித்துவிடுங்கள். மஸ்டன்ட் நோயாளியிடம் கொஞ்சம் கடுமையாகத் தெரியும், ‘ப்ளீஸ் டோன்ட் டேக் இட் ஆஃப்’ என்றாலே போதும்.

பயமுறுத்திக்கொண்டே போகிறேனே, தமிழ் கைகொடுக்கிற இடமும் உண்டு. ரப்பர் வெட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டையில் ரப்பர் பால் பட்டுக் காய்ந்தால் அந்தக் கறை லேசில் போகாது. “எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது” என்போம். கறைக்கு என்ன சொந்த விருப்பமா இருக்கிறது, மாட்டேன் என்று சொல்ல? ஆங்கிலேயரும் இதே மாதிரிதான் பேசுகிறார்கள்: ‘தி ஸ்டெயின் வோன்ட் கம் அவுட்’. மருந்து பாட்டில் மூடி கழல மாட்டேங்குது என்றால் ‘தி லிட் வோன்ட் கம் ஆஃப்’. நேற்று கழலவே மாட்டேன் என்றது என்றால் ‘இட் வுடன்ட் கம் ஆஃப்’. வில் என்றால் எதிர்காலம் என்று மட்டும் படித்தவர்கள் இங்கே ‘கேனாட் கம்’ என்று சுற்றி வளைப்பார்கள். மாட்டேங்குது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வோன்ட் போடுங்கள்.

சில ஃப்ரேசல் வெர்ப் மோடல் இல்லாமல் வெளியே அதிகம் தலைகாட்டாது. டாக்டர் கையெழுத்து புரியவில்லை என்றால் ‘ஐ கான்ட் மேக் அவுட் ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங்’, இந்தப் பொருளில் மேக் அவுட்டுக்கு முன்னால் பெரும்பாலும் கேனோ குட்டோ இருக்கும். (வேறொரு பொருளில் அமெரிக்கர்கள் இதைக் காதலர்களுக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் மோடலையும் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.) ‘ஐ குட் டூ வித் எ டீ’ என்றால் ஒரு டீ கிடைத்தால் தேவலை என்று அர்த்தம். அதிலிருந்து குட்டை எடுத்துவிட்டால் அந்த அர்த்தமே நிற்காது.

பாஸ் அவுட் பற்றியும் ஒரு வரி. இங்கே நர்சிங் படிப்பை முடித்ததை ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று சொல்கிறோம். பிரிட்டனில் மருத்துவமனைக்குள் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு அங்கேயும் பாஸிங் அவுட் பரேடு உண்டு, நமக்கு அந்தப் பழக்கம் அந்த வழியாக வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ‘தி பேஷன்ட் மே பாஸ் அவுட்’ என்று மட்டும் பயன்படுத்துங்கள், படிப்புக்குக் ‘கிராஜுவேட்டட்’ இருக்கிறது. அதே போல ‘கோப் அப் வித்’ கிடையாது, ‘கோப் வித்’தான். அந்த அப் ‘புட் அப் வித்’திலிருந்து தொற்றிக்கொண்டதாக இருக்கலாம்.

காதுக்கும் வாய்க்கும் பயிற்சி வேண்டும். ‘யூ ஷுட் ஹேவ் புட் இட் ஆன்’ என்பதை ஆங்கிலேயர்கள் சொல்லும்போது ‘யூ ஷுடவ் புடிட்டான்’ என்றுதான் காதில் விழும். ஹேவ் கரைந்துபோகும், இட் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் கடைசியில் இருக்கும் ஆன் மேல் விழும். நாமோ எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் லிஸனிங்கில் அந்த அரைகுறை ஹேவ் காதில் விழாமல், நடந்து முடிந்ததைச் செய்ய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு விடை தப்பாகிறது. புட் மாதிரி மூன்று வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் இந்த ஆபத்து அதிகம். வீட்டில் பழகும்போது ‘டேக் இட் ஆஃப்’, ‘டர்ன் இட் டவுன்’, ‘ரோல் இட் அப்’ என்று கடைசிச் சொல்லைத் தூக்கிச் சொல்லிப் பாருங்கள்.

ஓஇடி ஸ்பீக்கிங்கில் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல இரண்டு ரோல்ப்ளே வரும், நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. ஃப்ரேசல் வெர்ப் தாராளமாகப் புழங்க வேண்டிய இடம் இதுதான், சாதாரண ஜனங்கள் பேசும் ஆங்கிலமே அதுதான். கவனம் வைக்க வேண்டியது மோடல் மேல். ‘யூ மஸ்ட் கட் டவுன் ஆன் சால்ட்’ என்றால் அதட்டுவது போல இருக்கும். ‘யூ ஷுட் கட் டவுன் ஆன் சால்ட்’ நடுத்தரம். ‘யூ மைட் வான்ட் டு கட் டவுன் ஆன் சால்ட்’ என்றால், உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன் அம்மா என்று நம் பாட்டிமார்களிடம் சொல்கிற அந்தப் பக்குவம் வந்துவிடும். ஊசி போடும் முன் ‘குட் யூ ரோல் அப் யுவர் ஸ்லீவ் ஃபார் மி?’, படுக்கச் சொல்ல ‘குட் யூ லை டவுன்?’, நிமிர்ந்து உட்காரச் சொல்ல ‘கேன் யூ சிட் அப்?’. மருந்து குடித்தால் குமட்டலாம் என்று எச்சரிக்க ‘யூ மே ஃபீல் சிக், யூ மைட் ஈவன் த்ரோ அப்’ என்பது பேச்சில் தாராளமாகப் போகும். ‘வுட் யூ மைண்ட்’ என்று ஆரம்பித்தால் மட்டும் மைண்டுக்குப் பிறகு ஐஎன்ஜி: ‘வுட் யூ மைண்ட் ரோலிங் அப் யுவர் ஸ்லீவ்?’

கடிதம் வேறு. ஐந்து நிமிடம் நோட்ஸ் படித்து, நாற்பது நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ எழுதுகிறீர்கள். அங்கே த்ரோ அப் வேண்டாம், ‘வாமிட்’ இருக்கிறது. ‘ஸ்டிச்சஸ் ஷுட் பி டேக்கன் அவுட்’ என்பதைவிட ‘ஸூச்சர்ஸ் ஷுட் பி ரிமூவ்டு’ பொருத்தம். ‘கட் டவுன் ஆன் சால்ட்’ போய் ‘ரெட்யூஸ் ஹிஸ் சால்ட் இன்டேக்’ வரும். மோடல் அப்படியே நிற்கும், ஃப்ரேசல் வெர்ப் மட்டும் ஒற்றைச் சொல்லுக்கு இடம் விடும். அதற்காக எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டியதில்லை. ஃபாலோ அப் மாதிரி மருத்துவர்களே தினமும் எழுதுவதை மாற்றப் போனால் செயற்கையாக இருக்கும். ‘ஹிஸ் பிளட் பிரஷர் ஷுட் பி ஃபாலோட் அப்’ என்று தைரியமாக எழுதலாம், அப்பை மறந்துவிடாமல். கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து ஷுட், குட், மஸ்ட் வரும் இடங்களை மட்டும் விரலை வைத்துப் பாருங்கள். ஷுடவ் என்று காதில் விழுந்ததை வைத்து ஹேவுக்குப் பதிலாக ஓ, எஃப் என்று இரண்டெழுத்து எழுதியிருந்தால் அடித்துவிட்டு ஹேவ் போடுங்கள். லாக் இன், பேக் அப் போன்றவை மோடலுக்குப் பின்னால் வினையாக வரும்போது இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதியிருக்கிறீர்களா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.